பத்தாவது பெயர்

நூலகத்தில் நடந்த பாலம் கட்டும் போட்டியில் டெஸ்ஸாவும் மேரனும் ஒரே அணி. குலுக்கலில் அப்படி விழுந்தது. அதற்கு முன் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. டெஸ்ஸா நகரின் கிழக்குப் பக்கம். மேரன் ஏரிக்கரைப் பக்கம்.

வேகாத ஸ்பகெட்டிக் குச்சிகளும் பசையும்தான் கொடுத்தார்கள். அவர்கள் கட்டிய பாலம் ஏழு தடிப் புத்தகங்களைத் தாங்கியது. எட்டாவதாக அகராதியை வைத்ததும் மளுக்கென்று முறிந்தது. இரண்டாம் பரிசு!

"முக்கோணம் முக்கோணமா ஒட்டலாம்னு நீ சொன்னதாலதான் இவ்வளவு தாங்குச்சு," என்றாள் மேரன், விரலில் காய்ந்த பசையை உரித்தபடி. "ஆமா, ஏரிமுனைத் தேர்வு உனக்கு எப்போ?"

"என்ன தேர்வு?"

"ஏரிமுனை அறிவியல் பள்ளி! ஆறாம் வகுப்புல சேர்றதுக்கு. நீயும் அஞ்சாவதுதானே?"

டெஸ்ஸா விழித்தாள். மேரன் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். "அங்க ஏழாவது படிக்கறவங்க எல்லாம் சேர்ந்து நிஜப் படகு கட்டுவாங்க. அவங்களே ஏரியில விட்டு ஓட்டுவாங்க. மொட்டை மாடியில பெரிய தொலைநோக்கி இருக்கு. சனிக் கிரகத்தோட வளையம்கூடத் தெரியுமாம்!"

"பணக்காரங்க பள்ளியா?"

"இல்ல, அரசுப் பள்ளிதான். ஊர்ல யார் வேணும்னாலும் தேர்வு எழுதலாம். ஆனா அறுபது இடம்தான் இருக்கு. எங்க பள்ளியில செப்டம்பர்லயே எல்லார் கையிலயும் தாள் கொடுத்துட்டாங்க. நாங்க எங்க வகுப்புலயே உட்கார்ந்து எழுதப் போறோம். உங்க பள்ளியில சொல்லலையா? வர்ற வெள்ளிக்கிழமை நாலு மணியோட பதிவு முடியுதே!"

டெஸ்ஸா கோட்டை மாட்டியதும் தெரியாது, ஓடியதும் தெரியாது. ஆறு தெருக்கள். பனி முழங்கால்வரை கிடந்தது. ஊரார் வந்து துணி துவைத்துக்கொள்ளும், அம்மா வேலை பார்க்கும் லாண்டிரியின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தபோது அவள் மூக்கு தக்காளி மாதிரி சிவந்திருந்தது.

"அம்மா! படகு! நிஜப் படகு!"

"கதவைச் சாத்து முதல்ல," என்றாள் அம்மா.

எல்லாவற்றையும் கேட்டு முடித்ததும் அம்மா துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். பத்தே நிமிடத்தில் டெஸ்ஸாவின் பெயர் பதிவாகிவிட்டது. தேர்வு பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை. இடம், ஏரிமுனைப் பள்ளி. காலை எட்டு மணிக்குக் கதவு மூடப்படும்.

"அந்த நேரத்துக்குப் பஸ் கிடைக்காதே," என்று அம்மா நெற்றியைச் சுருக்கினாள். "ரெண்டு பஸ் மாறணும். சனிக்கிழமை முதல் பஸ்ஸே ஏழரைக்குத்தான்."

"என் கார் எதுக்கு இருக்கு?" என்றான் ரெஜி. அவன் டெஸ்ஸாவின் பெரியம்மா மகன். பதினேழு வயது. துரு பிடித்த ஒரு கார் வைத்திருந்தான். அதில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கை ஒன்றுதான் உருப்படி. "நான் கூட்டிட்டுப் போறேன். ஆனா ஒண்ணு டெஸ். இதை ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்காதே."

"ஏன்?"

"அறுபது இடம்தான். எத்தனை பேர் குறையறாங்களோ அத்தனைக்கு அத்தனை உனக்கு நல்லது. வாயை மூடிக்கிட்டு இரு. முக்கியமா அந்த எஃப்ரைன் காதுல விழக் கூடாது."

எஃப்ரைன் அவள் வகுப்பு. மனசுக்குள்ளேயே கணக்குப் போடுவான். கால்குலேட்டரை எடுப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவான்.

டெஸ்ஸா தலையாட்டினாள். திங்கட்கிழமை காலை வரை அந்த வாக்கு நிலைத்தது.

வகுப்பில் ஹலிமோ அவளுக்குப் பக்கத்து இருக்கை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எப்போதும் ஏதாவது இயந்திரம் வரைந்துகொண்டிருப்பாள். அன்று அவள் வரைந்தது ஒரு படகு. கீழே துடுப்புகள், மேலே காற்றாடி, பின்னால் இரண்டு சக்கரங்கள்.

"சக்கரம் எதுக்கு?" என்று கேட்டாள் டெஸ்ஸா.

"ஏரி உறைஞ்சு போனா ஓட்ட வேணாமா?"

டெஸ்ஸாவுக்கு ரெஜி சொன்னது நினைவுக்கு வந்தது. மறுபடியும் அந்தப் படகைப் பார்த்தாள். அப்புறம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பின் பெஞ்சுக்காரர்கள் தலையை நீட்டினார்கள். மிஸ் ட்ரெம்ப்ளேயும் வந்து நின்றார்.

"மிஸ், நமக்கு ஏன் யாருமே சொல்லல?"

ஆசிரியையின் முகம் சிவந்தது. "மின்னஞ்சல் வந்தது டெஸ்ஸா. மூணு வருஷமா நம்ம பள்ளியில இருந்து யாரும் எழுதல. இந்த வருஷமும் யாரும் எழுதப் போறதில்லன்னு நாங்களே நினைச்சுக்கிட்டோம்."

"எங்களைக் கேக்காமலேயா?"

"கேக்காமலேதான்," என்றார் மிஸ் ட்ரெம்ப்ளே மெதுவாக. "தப்புதான். இன்னிக்கே எல்லார் வீட்டுக்கும் தாள் அனுப்பறேன்."

அன்று மாலை லாண்டிரியில் திருவிழாக் கூட்டம். பதிவுப் பக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால் ஹலிமோ வரிவரியாகத் தன் அம்மாவுக்குச் சோமாலியில் சொன்னாள். துணி உலர்த்தும் ட்ரையர்கள் உருள, பிள்ளைகள் கத்த, ஒருவர் மாற்றி ஒருவர் டெஸ்ஸா அம்மாவின் பழைய மடிக்கணினி முன் உட்கார்ந்தார்கள். சிலர் வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். சிலருக்கே ஆசை இல்லை. புதன்கிழமைக்குள் டெஸ்ஸாவையும் சேர்த்து ஒன்பது பெயர்கள் ஆயின.

"எல்லாம் சரி, போறது எப்படி?" என்று கேட்டாள் ஹலிமோ. "எங்க வீட்டுல கார் கிடையாது."

எல்லோரும் ரெஜியைப் பார்த்தார்கள்.

"என் கார்ல ஒன்பது பேரா? கூரை மேலயா உட்காரப் போறீங்க?"

அப்போதுதான் டெஸ்ஸாவுக்கு மேரன் சொன்னது உறைத்தது. 'நாங்க எங்க வகுப்புலயே உட்கார்ந்து எழுதப் போறோம்.' அவர்களுக்கு மட்டும் எப்படி?

அவள் விதிகள் இருந்த பக்கங்களைத் திறந்தாள். மொத்தம் பன்னிரண்டு பக்கம். யாரும் படிக்கக் கூடாது என்றே எழுதிய மாதிரி இருந்தது. கன்னத்தில் கை வைத்து ஒரு வரி விடாமல் படித்தாள். ஒன்பதாம் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் அது இருந்தது.

'ஒரு பள்ளியிலிருந்து பத்து மாணவர்களாவது பதிவு செய்தால், தலைமை ஆசிரியரின் கோரிக்கைப்படி அந்தப் பள்ளியிலேயே, பள்ளி நாளில் தேர்வு நடத்தப்படும். கோரிக்கை, பதிவு முடியும் நேரத்துக்குள் வர வேண்டும்.'

"பத்து!" என்று கத்தினாள் டெஸ்ஸா. "பத்துப் பேர் இருந்தா தேர்வே நம்மகிட்ட வந்துரும்!"

தலைமை ஆசிரியர் லூமிஸ் மறுநாள் கண்ணாடியை ஏற்றி இறக்கி அந்த வரியைப் படித்தார். "இப்படி ஒரு விதி இருக்கறது எனக்கே தெரியாதே!"

"ஒன்பதாம் பக்கம் சார். பொடி எழுத்து."

"பத்தாவது பேரைக் கொண்டு வாம்மா. அந்த நிமிஷமே அனுப்பிடறேன்."

பத்தாவது பெயர் யாருடையது என்று டெஸ்ஸாவுக்குத் தெரியும். மதிய உணவு நேரத்தில் எஃப்ரைனுக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். அவன் பீட்சாவிலிருந்து வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தான்.

"நீ ஏன் பதியல?"

"அந்தப் பள்ளி நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இல்லன்னு எங்க அண்ணன் சொன்னான். எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பாங்களாம்."

"பயமா?"

"பயமா? எனக்கா?" எஃப்ரைன் நிமிர்ந்தான். "உனக்குத்தான் பயம் இருக்கணும். நான் எழுதினா உன் இடம் போயிடும். கணக்குல என்னை ஒரு தடவையாவது ஜெயிச்சிருக்கியா?"

"ரெண்டு தடவை."

"அதுல ஒரு தடவை எனக்குக் காய்ச்சல்."

"தெரியும். நீ எழுதாம நான் ஜெயிச்சாலும் அப்படித்தான் இருக்கும். காய்ச்சல்காரனை ஜெயிச்ச மாதிரி."

எஃப்ரைன் கடைசி வெங்காயத்தை ஓரமாக வைத்தான்.

"அந்தப் படகு உண்மையிலேயே மிதக்குமா?"

"அவங்க கட்டினது மிதக்குது. நீ கட்டினா தெரியாது."

அவன் சிரித்துவிட்டான். "சரி. ஆனா அப்பாதான் பதியணும். நாளைக்கு அவருக்கு வேலை முடியவே மூணரை ஆயிடும்."

நாளைதான் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு எஃப்ரைனின் அப்பா வரவில்லை. மூன்று நாற்பதுக்கும் வரவில்லை. வெளியே பனி கொட்டியது. தலைமை ஆசிரியர் லூமிஸ் தன் மடிக்கணினியோடு லாண்டிரிக்கே வந்துவிட்டார். அதைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்தார். இயந்திரம் வேகமாகச் சுழலத் தொடங்க, கணினியும் அதைப் பிடித்திருந்த அவரும் சேர்ந்து குலுங்கினார்கள்.

"சா...ர், தள்...ளி நில்லுங்க," என்று அவர் மாதிரியே நடுங்கிக் காட்டினான் ஒரு பொடியன்.

மூன்று நாற்பத்தேழு. கதவு திறந்தது. பேக்கரியிலிருந்து நேரே ஓடி வந்திருந்த எஃப்ரைனின் அப்பாவின் புருவத்தில் மாவு, தலையில் பனி. எது எது என்றே தெரியவில்லை.

"பெற்றோர் கணக்கோட கடவுச்சொல் என்னப்பா?" என்றான் எஃப்ரைன்.

"கடவுச்சொல்லா? அதை உங்க அம்மாதானே வெச்சா?"

எஃப்ரைனின் அம்மாவுக்குப் போன் போட்டார்கள். அவள் சொன்னது தவறு. இன்னொன்று சொன்னாள். அதுவும் தவறு. புதிய கடவுச்சொல் கேட்டார்கள். அதற்கான எண் கைப்பேசிக்கு வர வேண்டும். எல்லோரும் அந்தக் கைப்பேசியையே முறைத்துப் பார்த்தார்கள். மூன்று ஐம்பத்திரண்டு. மூன்று ஐம்பத்து மூன்று.

டிங்!

"நாலு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு, ஒன்பது, ரெண்டு!" எஃப்ரைன் ஒரே பார்வையில் ஒப்பித்தான். டெஸ்ஸாவின் விரல்கள் விசைகளில் பறந்தன. பெயர். பிறந்த நாள். முகவரி. அனுப்பு.

"பதிவாயிடுச்சு! பத்து! சார், பத்து!"

குலுங்கும் கணினியில் கோரிக்கையை அனுப்பும் பொத்தானை லூமிஸின் விரல் இரண்டு முறை தவறவிட்டது. மூன்றாம் முறை சரியாக விழுந்தது. மணி மூன்று ஐம்பத்தெட்டு.

எஃப்ரைனின் அப்பா டெஸ்ஸாவின் அம்மாவைக் கட்டியணைத்தார். அவள் கறுப்பு ஸ்வெட்டர் முழுவதும் மாவு. "லாண்டிரிக்காரிக்கே அழுக்கா!" என்று அவள் சிரித்தாள்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. தங்கள் வகுப்பில், தங்கள் மேசையில், காலை உணவு முடித்த கையோடு பத்துப் பேரும் தேர்வு எழுதினார்கள். ஹலிமோ காலாட்டிக்கொண்டே எழுதினாள். எஃப்ரைன் கால் மணி நேரம் முன்னதாகவே முடித்துவிட்டு ஜன்னல் வழியே பனிமனிதனைப் பார்த்துக்கொண்டிருந்தான். டெஸ்ஸா கடைசி நொடி வரை எழுதினாள்.

ஏப்ரலில் முடிவு வந்தது.

ஹலிமோவுக்கு இடம் கிடைத்தது. எஃப்ரைனுக்கும் கிடைத்தது. டெஸ்ஸாவின் கடிதத்தில் வேறு மாதிரி இருந்தது. 'காத்திருப்போர் பட்டியலில் நான்காவது.'

அவள் கடிதத்தை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். துணி மடிக்கும் பெரிய மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். ரெஜி வந்து பார்த்தான். நான் அப்பவே சொன்னேனே என்று அவன் சொல்லவில்லை. சுடச்சுட ஒரு துண்டை ட்ரையரிலிருந்து எடுத்து அவள் தோளில் போர்த்திவிட்டுப் போனான்.

எஃப்ரைன் வந்து நின்றான். "நான் எழுதாம இருந்திருக்கணும்."

"உளறாதே," என்றாள் டெஸ்ஸா, மூக்கை உறிஞ்சியபடி. "எத்தனை மார்க்?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லுடா!"

சொன்னான். அவள் வாய் பிளந்தாள். "மொத்தத்துலயே ரெண்டே ரெண்டுதான் தப்பா? அடப்பாவி!" அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் விக்கல் எடுத்தது.

மே மாதம் முழுவதும் ஏரிமுனையிலிருந்து எந்தச் செய்தியும் இல்லை. இதற்குள் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அவளைத் தெருவில் நிறுத்தி, "ஒன்பதாம் பக்கம் எங்க இருக்கு?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். மிஸ் ட்ரெம்ப்ளே வகுப்பு வாசலில் அடுத்த வருடப் பட்டியலை ஒட்டிவிட்டார். அதில் இருபத்தாறு பெயர்கள்.

ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். லாண்டிரியில் எல்லா இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. அம்மாவின் கைப்பேசி அடித்தது.

"யாரு? என்னது? சத்தமா பேசுங்க, எதுவும் கேக்கல!" என்று கத்திய அம்மாவின் முகம் திடீரென்று மாறியது. "ஏரி... என்ன? ஏரிமுனையா?"

ஹலிமோவின் அம்மா தன் துணி சுழன்றுகொண்டிருந்த ட்ரையரின் கதவைப் பட்டென்று திறந்தாள். அது நின்றது. பக்கத்திலிருந்தவரும் திறந்தார். ரெஜி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடி, கதவு கதவாகத் திறந்துகொண்டே போனான். துணிகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. துவைக்கும் இயந்திரங்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். லாண்டிரி அவ்வளவு அமைதியாக இருந்ததை டெஸ்ஸா அன்றுதான் பார்த்தாள்.

அம்மா கைப்பேசியை அவளிடம் நீட்டினாள்.

"ஒடெஸ்ஸா பிரிக்ஸ்தானே?" என்று அவள் முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டது ஒரு குரல். "நாலு குடும்பம் ஊர் மாறிப் போறாங்க. பட்டியல்ல உன் முறை வந்திருக்கு. செப்டம்பர்ல சேர்ந்துக்கறியா?"

நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். டெஸ்ஸா வாயைத் திறந்தாள். சத்தமே வரவில்லை.

"சேர்ந்துக்கறா!" என்று கத்தியது லாண்டிரி முழுவதும்.