பதற்றமானியில் பச்சை

மகிழினியின் மணிக்கட்டில் பச்சை விளக்கு எரிந்தது. பதற்றமானியைக் கழற்றி, துப்பட்டாவால் துடைத்து, மறுபடி கட்டிப் பார்த்தாள். பச்சைதான்.

எதிர்ச்சுவரில் ஓடிய ஆட்டத்தில், மண்டியிட்டிருப்பவனைச் சுத்தியலால் அடித்துக் கொல்ல வேண்டும். அவன் தன் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிக் கெஞ்சுவான். இரண்டாவது பிள்ளையின் பெயரை அவன் சொன்னபோது, இட்லி மாவை வெளியே எடுத்து வைத்தோமா என்றுதான் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காலத்தில் ஆட்டங்களின் உறையில் வயதைப் போட்டிருந்தார்கள். பதினெட்டு என்று போட்டதை எட்டு வயதுப் பிள்ளைகள் ஆடினார்கள். கேட்டால், வேண்டாமென்றுதான் சொன்னோம் என்பார்கள் பெற்றவர்கள். அனுமதிப் பொத்தானிலோ அவர்களுடைய கைரேகைதான் இருக்கும். அதனால் சட்டம் வாயையும் விரலையும் நம்புவதை விட்டுவிட்டது. ஆட்டத்தின் மிகக் கொடூரமான அரை மணி நேரத்தைத் தாயோ தகப்பனோ பதற்றமானி கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். உடம்பு பதறினால் சிவப்பு எரிந்து ஆட்டம் பூட்டிக்கொள்ளும். பதறாவிட்டால் பச்சை, பிள்ளைக்குத் திறந்துவிடும். வீட்டுக்கு ஒருவர்தான் பதிவு. பார்க்க நேரமில்லாதவர்கள் தெரிந்தவர் ஒருவரைத் தங்களுக்குப் பதிலாகப் பார்க்கச் சொல்லலாம்.

கோவையில் அவர்கள் குடியிருந்த அடுக்ககத்தில் அந்தத் தெரிந்தவர் மகிழினிதான். செத்த அணிலைப் பார்த்தாலே அவளுக்கு அன்று சாப்பாடு இறங்காது. முதல் மாதம் பார்த்த எல்லா ஆட்டத்துக்கும் சிவப்பு. மூன்றாம் மாடி ஷர்மிளா அக்காதான் முதலில் வந்தாள்.

"எனக்கு எதப் பாத்தாலும் பச்சையே எரியுது கண்ணு. உன்ற மனசு தாங்குச்சுன்னா எந்தக் கொழந்தையும் தாங்கும். நீயே பாத்துச் சொல்லிரு."

மகிழினிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். இரண்டு வருடத்தில் எத்தனை ஆட்டம் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. சிவப்பு எப்போது குறைந்தது என்பதையும் யாரும் கவனிக்கவில்லை.

இன்றைய ஆட்டம் அவள் மகள் ஆதிரை கேட்டது. ஆதிரைக்குப் பதினொரு வயது.

உதவி மையத்தை அழைத்து, இது என் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம் என்று சொன்னாள். அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமையாக விளக்கினாள். வாய்ப்பேச்சைப் பதிவு செய்ய வழியில்லை. ஒரே ஒரு மறுபார்வை தரலாம், அதையும் முதலில் பார்த்தவரேதான் பார்க்க வேண்டும்.

மறுபார்வையில் மகிழினி என்னவெல்லாமோ செய்தாள். தொடையைக் கிள்ளிக்கொண்டாள். அப்பா இறந்துபோன நாளை நினைத்தாள். கடைசியில், மண்டியிட்டவனின் இடத்தில் கவினை வைத்துப் பார்த்தாள். வீட்டை எதிர்த்து அவள் கட்டிக்கொண்ட கவின். விளக்கு ஒரு நொடி மஞ்சளாகி மறுபடி பச்சைக்கே வந்துவிட்டது.

பதிவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதாகக் கவின் சொன்னான். அதற்கு மூன்று மாதமாகுமாம். இத்தனை நாள் எல்லாம் நீதானே பார்த்துக்கொண்டாய் என்றான், குற்றமாகச் சொல்லவில்லை. ஆதிரை ஆட்டம் ஆடக் கண்ணில் மாட்டிக்கொள்ளும் திரைக்கண்ணாடியைப் பிடுங்கி வைக்கலாமென்றால், பள்ளிப் பாடமும் அதே கண்ணாடியில்தான் நடக்கிறது.

மாலையில் ஆதிரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று மகிழினி இரண்டு முறை சொன்னாள். பச்சை வந்துருச்சேம்மா என்றாள் அவள். மகிழினி பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கை காற்றில் ஓங்கி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஆதிரையின் இடது கை அம்மாவின் விரல்களை நசுக்குகிற மாதிரி இறுக்கிக்கொண்டது.

மகிழினி கண்ணாடியைக் கழற்றினாள். ஆதிரையின் முகமெல்லாம் நனைந்திருந்தது.

"பயமா இருந்தா நிறுத்தியிருக்கலாமே சாமி?"

"உனக்கு ஒண்ணுமே ஆகலையேம்மா. அதான், எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

மகிழினி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கோளாறு உனக்கில்லை என்று சொல்ல வேண்டும். அப்படியானால் யாருக்கு என்று அவள் கேட்பாள்.

ஆதிரை மூக்கைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் மடியிலிருந்த கண்ணாடியை எடுத்தாள். பாடத்தில் சந்தேகம் கேட்கிற முகத்துடன் கேட்டாள்.

"உன்னை மாதிரி ஆகறதுக்கு இன்னும் எத்தன ஆட்டம் ஆடோணும்மா?"