மைசூரில் ஃபேக்டரிச் சங்கு

சேரங்கோட்டிலிருந்து மைசூருக்குக் கிளம்பிய சுற்றுலாப் பேருந்தில் நாற்பது பேர் இருந்தார்கள். அதில் முப்பத்தொன்பது பேர் ஊர் சுற்ற வந்தவர்கள். ஒருத்தி மட்டும் லைட் பார்க்க வந்தவள்.

அந்த ஒருத்தி ஷைனா. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அம்மா ஜெஸிந்தா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். பேருந்தில் இருந்த மற்றவர்களும் அதே எஸ்டேட்காரர்கள்தான். வருடத்துக்கு ஒருமுறை எல்லாரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மைசூருக்குப் போவார்கள்.

மைசூர் அந்தக் காலத்தில் ராஜாக்களின் தலைநகரம். அங்கே ஒரு பெரிய அரண்மனை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி ஆனால் போதும், அந்த அரண்மனை முழுக்க ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் பளிச்சென்று எரியும்.

ஷைனா இரண்டு தடவை மைசூருக்குப் போயிருக்கிறாள். இரண்டு தடவையும் ஒரு பல்பைக்கூடப் பார்க்கவில்லை!

ஏன் என்று கேட்கிறீர்களா? ஓட்டுநர் மருதாசலம் சொல்வதைக் கேளுங்கள்.

"ஏனுங்க, எல்லாரும் கேட்டுக்கோங்க. திரும்பற வழில பந்திப்பூர்ல காட்டு கேட்டை ஒம்பது மணிக்குச் சாத்தீருவாங்க. அப்புறம் காலைல ஆறு மணிக்குத்தானுங்க தொறப்பாங்க. அதனால ஏழேகாலுக்கு மைசூர்ல வண்டிய எடுத்தே ஆகோணும். ஏழு பதினாறு ஆச்சுன்னா நான் பொறுப்பில்லீங்க."

"சரிங்க, சரிங்க" என்று எல்லாரும் தலையாட்டினார்கள். போன வருடமும் இப்படித்தான் ஆட்டினார்கள். அப்புறம் போகிற இடத்தில் எல்லாம் தாமதம். கடைசியில் அரண்மனைக்கு நேரமே இல்லாமல் போய்விட்டது. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் புள்ள" என்று அம்மா சொன்னாள். ஷைனா திரும்பும் வழியில் குண்டலுப்பேட்டை வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள்.

"இந்த வருஷமாவது பார்ப்போமாம்மா?"

"கண்டிப்பா பார்ப்போம்" என்றாள் ஜெஸிந்தா. அதுவும் போன வருடம் சொன்னதுதான்.

முதலில் மிருகக்காட்சி சாலை. வழிகாட்டி தரணிதரன் கோயமுத்தூர்க்காரர். ஒல்லியாக இருப்பார். கையில் ஆரஞ்சுக் கொடி, கழுத்தில் விசில்.

"பதினொன்றரைக்கு எல்லாரும் பஸ்ஸுக்கு வந்தரோணும், சரிங்களா?" என்றார் அவர்.

பதினொன்றரைக்கு வந்தது ஷைனா ஒருத்திதான். பாதி வழியில் அம்மாவின் கையை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

தரணிதரன் விசில் ஊதினார். ஒருவரும் வரவில்லை. மருதாசலம் ஹாரன் அடித்தார். பக்கத்துப் பேருந்துக்காரர்தான் எட்டிப் பார்த்து முறைத்தார். ஷைனாவே தேடிக்கொண்டு ஓடினாள்.

மாலதி அக்காவும் ரேணுகா அக்காவும் யானைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அக்கா, தினமும் நம்ம லயத்து வீட்டுக்குப் பின்னாலயே யானை வருது! டிக்கெட் எடுத்து வந்து யானையையா பார்க்கிறீங்க?"

"அட போ புள்ள. அங்க யானையைப் பார்த்தா ஓடணும். இங்கதான் நிம்மதியா நின்னு பார்க்க முடியுது" என்றாள் மாலதி.

அம்புரோஸ் அண்ணன் ஒட்டகச்சிவிங்கியோடு செல்ஃபி எடுக்கக் காத்திருந்தார். அது திரும்பிப் பார்க்கிற மாதிரி தெரியவில்லை. "கொஞ்சம் இரு, இப்பத்தான் பழக்கம் ஆகுது" என்றார்.

அம்மாவோ தோட்டத்து வேலிச் செடி ஓரமாக மெதுவாக நடந்து வந்தாள். அவள் விரல்கள் தாமாகவே துளிர் துளிராகக் கிள்ளிக்கொண்டிருந்தன. பின்னாலேயே தோட்டக்காரர் கத்திக்கொண்டு வந்தார்.

"அம்மா! இது தேயிலை இல்ல!"

ஜெஸிந்தா கையைப் பார்த்தாள். கை நிறைய இலை. "ஐயையோ" என்று அதைத் தோட்டக்காரரிடமே கொடுத்துவிட்டு ஓடினாள்.

நாற்பது நிமிடம் தாமதம். மதியச் சாப்பாட்டில் இன்னும் இருபது நிமிடம் போயிற்று.

"பாப்பா, இன்னும் ஒரு எடத்துல இப்படி லேட்டாச்சுன்னா அரண்மனை இல்லீங்க" என்று தரணிதரன் வருத்தத்தோடு சொன்னார். "நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க. விசில் ஊதி ஊதி எனக்குத் தாடையே வலிக்குது."

ஷைனா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். மூன்றாவது தடவையுமா?

அடுத்தது சாமுண்டி மலை. மூன்றரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாற்பது ஆயிற்று. பேருந்துப் படியில் ஷைனா மட்டும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே டீக்கடையில் வேலுமணி மாமா நின்றுகொண்டிருந்தார். தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருட வேலை அவருக்கு. கண்ணில் படுகிற டீக்கடையில் எல்லாம் ஒரு டீ குடித்துப் பார்த்துக் குறை சொன்னால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"இதெல்லாம் ஒரு தேத்தண்ணியா? சாயத்தைப் பாரு, ருசியைக் காணோம்!" என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாதது மாமா செய்த புண்ணியம்.

'எஸ்டேட்டில் மட்டும் இவங்க யாரும் லேட்டா வர்றதே இல்லையே, எப்படி?' என்று ஷைனா யோசித்தாள்.

யோசித்ததும் பதில் வந்துவிட்டது. சங்கு!

காலை ஏழரைக்கு எஸ்டேட் ஃபேக்டரியில் சங்கு ஊதும். மலை முழுக்கக் கேட்கும். அடுப்பில் சோறு கொதித்தாலும் அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாள். லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீடுகளில் வளரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தச் சத்தத்தை வாயால் ஊதத் தெரியும்.

ஆனால் இத்தனை பேருக்கு நடுவிலா? வெட்கமாக இருந்தது. ஷைனா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள். வயிற்றிலிருந்து இழுத்து ஊதினாள்.

"ஊஊஊஊஊஊஊ..."

அங்கே பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் பதறிப்போய், "ஏனம்மா, ஹொட்டே நோவா?" என்று கேட்டாள். வயிற்று வலியா என்று கன்னடத்தில் கேட்கிறாள்.

ஷைனா இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு இன்னும் பலமாக ஊதினாள்.

"ஊஊஊஊஊஊஊஊஊஊ!"

வேலுமணி மாமா பாதி டீயோடு கிளாஸை டக்கென்று வைத்தார். நந்தி சிலைக்குப் பக்கத்தில் நின்றிருந்த அம்புரோஸ் அண்ணன் செல்ஃபியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். மாலதியும் ரேணுகாவும் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வந்தார்கள். அம்மாவின் கை, இல்லாத கூடையைத் தேடித் தலைக்குப் போயிற்று. ஐந்தே நிமிடத்தில் எல்லாரும் பேருந்து வாசலில் வரிசையாக நின்றுவிட்டார்கள். கொழுந்து நிறுக்க நிற்பார்களே, அதே வரிசை!

தரணிதரன் வாயைப் பிளந்தபடி எண்ணினார். "முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது, நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டு... ஏனுங்க, ரெண்டு பேர் அதிகமா இருக்காங்களே!"

வரிசையின் கடைசியில் முன்பின் தெரியாத ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள்.

"நீங்க யாருங்க?"

"நாங்க வால்பாறை எஸ்டேட்டுங்க. சங்கு ஊதுச்சு, வந்துட்டோம்" என்றார் அந்த மனிதர். அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தார். "இது எந்த ஊர்?"

அவருடைய மனைவி தலையில் அடித்துக்கொண்டு அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

ஷைனாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் பேருந்தில் ஏறி உட்கார்ந்த வேறு யாரும் சிரிக்கவில்லை.

"யாரு ஊதினது?" என்று கேட்டார் வேலுமணி மாமா.

ஷைனா மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"ஏம்மா, வாரத்துல ஆறு நாள் அந்தச் சங்குக்குத்தான் ஓடறோம். ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் அது கேக்காம இருக்கோம். அன்னைக்குமா?"

"எனக்கு நெஞ்சே படபடன்னு அடிச்சிருச்சு. வேலைக்குத்தான் லேட்டாயிட்டோமோன்னு" என்றாள் ரேணுகா.

அம்மா திட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி காலைத் தடவிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூட ஷைனாவுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

"தப்புதான் மாமா. இனிமே அந்தச் சங்கை ஊத மாட்டேன்" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "ஆனா எனக்கு அந்த லைட்டைப் பார்க்கணும். ரெண்டு வருஷமா பார்க்கலை. நீங்களும் யாரும் பார்க்கலை. அம்மாவும் பார்க்கலை."



"அட, ஆமா. நானுந்தான் பார்த்ததில்ல" என்றாள் மாலதி.

"நான் கடிகாரம் பார்க்கிறதே இல்ல. தப்பு என் பேர்லயும் இருக்கு" என்று அம்புரோஸ் தலையைச் சொறிந்தார். "ஆனா அந்த விசில் இருக்கே, அது காதுலயே ஏற மாட்டேங்குது."

தரணிதரன் விசிலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார்.

ஷைனா கண்ணைத் துடைத்தாள். திடீரென்று எழுந்து நின்றாள்.

"மாமா! சாயங்காலச் சங்கு ஊதட்டுமா?"

"எது?"

"வேலை முடியறப்ப ஊதுமே, விட்டு விட்டு ரெண்டு தடவை! அதைக் கேட்டா எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தானே வருவீங்க?"

வேலுமணி மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா முதல் ஆளாகச் சிரித்தாள். அப்புறம் மொத்தப் பேருந்தும் சிரித்தது.

"அந்தச் சங்குன்னா எப்ப வேணும்னாலும் ஊது தாயி!"

அடுத்துப் போன மார்க்கெட்டில் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். மாலதி ஊதுபத்தி வாங்கினாள். ரேணுகா அதே ஊதுபத்தி பக்கத்துக் கடையில் விலை குறைவு என்று விசாரித்துவிட்டு வந்து மாலதியை வெறுப்பேற்றினாள். வேலுமணி மாமா இரண்டு டீக்கடைகளில் குறை சொன்னார்.

சரியாக ஆறரைக்கு ஷைனா பேருந்துப் படியில் ஏறி நின்றாள்.

"ஊஊஊஊ! ஊஊஊஊ!"

ஓட்டம் இல்லை, பதற்றம் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நடையில், பேசிச் சிரித்துக்கொண்டு, பைகளை ஆட்டிக்கொண்டு எல்லாரும் வந்து சேர்ந்தார்கள்.

"நாப்பது! ஆறு முப்பத்தெட்டுக்கு நாப்பது!" தரணிதரன் கொடியைத் தூக்கி ஆட்டினார். "பன்னெண்டு வருசமா கைடு வேலை பாக்கறேனுங்க. இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லீங்க."

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லாரும் அரண்மனை மைதானத்தில் நின்றார்கள். எதிரே பெரிய கறுப்பு நிழலாக அரண்மனை. ஷைனா அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கரண்ட் போய்விட்டால்? இன்றைக்கு என்று பார்த்து லைட் போடுகிற ஆள் லீவில் போயிருந்தால்?

பளிச்!

கோபுரம், வளைவு, தூண், ஜன்னல் எல்லாம் ஒரே நொடியில் தங்க நிறமாக எரிந்தன. மைதானம் முழுவதும் "ஹா" என்றது. அம்மா தோளை உயர்த்தி அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்ம லயத்துல நாலு பல்பு சேர்ந்து எரிஞ்சாலே வோல்டேஜ் போயிரும். இங்க பாரேன்!" என்றாள் ரேணுகா.

"இதுக்குக் கரண்ட் பில் யாரு கட்டுறது?" என்று மாலதி கவலைப்பட்டாள்.

அதற்கு மேல் ஷைனாவுக்கு எதுவும் காதில் விழவில்லை. கோபுரத்தின் உச்சியைப் பார்த்தாள். அதற்குக் கீழே பார்த்தாள். இன்னும் சரியாகத் தெரியட்டும் என்று அம்மாவின் கையை விட்டுவிட்டுக் கூட்டத்தில் நுழைந்து நுழைந்து முன்னால் போனாள். ஒரு வளைவில் எத்தனை பல்பு என்று எண்ண ஆரம்பித்தாள். நூற்றுப் பதினேழில் எண்ணிக்கை குழம்பிவிட்டது. மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

பேருந்தில் முப்பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மணி ஏழு பத்து.

"ஷைனா எங்க?" என்றாள் ஜெஸிந்தா.

"உங்க கூட இல்லீங்களா?" என்றார் தரணிதரன்.

"அவதானே எல்லாரையும் கூட்டிட்டு வர்றவ! உங்க கூட முன்னாலேயே வந்திருப்பான்னு நினைச்சேன்!"

மருதாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். தரணிதரன் விசிலை எடுத்தார். "அதை உள்ள வைங்க" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். வேலுமணி மாமா எழுந்து சட்டைக் கையை மடித்தார்.

"எல்லாரும் இறங்குங்க. கையை வாய்க்கிட்ட வைங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு!"

"ஊஊஊஊஊஊ! ஊஊஊஊஊஊ!"

முப்பத்தொன்பது பேர் சேர்ந்து ஊதிய சங்கு அது. ஐஸ்கிரீம் வண்டிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். ஒரு குதிரைவண்டிக் குதிரை இரண்டடி பின்னால் போயிற்று. மைதானத்தில் இருந்த கூட்டமே திரும்பிப் பார்த்தது.

எண்பத்து நான்காவது பல்பில் ஷைனா திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஐயையோ! லேட்டு!" என்று செருப்புப் பறக்க ஓடி வந்தாள்.

படியில் ஏறியதும் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். இரண்டு வருடமாக இவர்களைத்தான் தாமதம் தாமதம் என்று அவள் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். காது மடல் எல்லாம் சிவந்துபோயிற்று.

"நாப்பது" என்றார் தரணிதரன். ஏழேகாலுக்கு ஒரு நிமிடம் இருந்தது. மருதாசலம் வண்டியைக் கிளப்பினார்.

"என்ன தாயி, லைட்டைப் பார்த்துட்டியா?" என்று கேட்டார் வேலுமணி மாமா.

ஷைனா ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டித் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல மாமா. இன்னும் நிறைய மிச்சம் இருக்கு" என்றாள்.