நல்ல நேரத்தின் கடைசிப் பத்து நிமிஷம்

காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனதும் தெருவிலிருந்த விசைத்தறிகள் அத்தனையும் நின்றன. ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை.

திலகவதி டீத்தூள் டப்பாவைக் கையில் பிடித்தபடியே நின்று கேட்டாள். மாதத்துக்கொரு நாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தும்போதுதான் ஆரணிக்குக் காது திறக்கும்; மற்ற நாளெல்லாம் தறிகளின் தடதடப்பில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் விளங்காது, அதற்குப் பழகிய ஜனம் இந்த அமைதியில் கொஞ்சம் தடுமாறித்தான் போகும். குக்கர் பெருமூச்சு விட்டு ஆறுவது, மாடியில் ஏதோ குழாய் சொட்டுவது, தெருக்கோடியில் தையல் மிஷின் மிதிபடுவது எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. அவற்றுக்கெல்லாம் அடியில், தரைக்குக் கீழேயிருந்து, மரத்தின் மேல் சுத்தியல் விழுந்தது. மூன்று அடி, கொஞ்சம் இடைவெளி, பிறகு பலகை ஒன்று இழுபடும் சத்தம்.

அக்கம்பக்கத்தில் யாரும் வீடு கட்டவில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இந்த இடத்தில் தறிக்கொட்டகைதான் இருந்தது. மகன் தீனா சென்னையில் ஐ.டி. வேலைக்குப் போய், அபார்ட்மெண்டில் குடியிருந்து ருசி கண்டுவிட்டு வந்து, இடித்துவிட்டு ஆறு வீடு கட்டலாம் என்றான். அவனைவிட அவளுக்குத்தான் ஆசை அதிகம். தெருவிலேயே முதல் லிஃப்ட் தன் வீட்டில் இருக்க வேண்டும், செய்யாறு கம்பெனி பஸ் தன் வாசலில் நின்று ஆள் ஏற்ற வேண்டும், ஊர் அண்ணாந்து பார்க்க வேண்டும். எல்லாம் நடந்தது.

கிரகப்பிரவேசத்தன்று விடியற்காலையில்தான் மேஸ்திரிக்கு ஞாபகம் வந்தது, செப்டிக் டேங்க்கின் கூரைக்கு முட்டுக் கொடுத்த பலகைகளை இன்னும் பிரிக்கவில்லை என்று. வேலையாள் விக்னேஷ் சுத்தியலோடு உள்ளே இறங்கினான். இருபத்து மூன்று வயசு. கார் நிறுத்துகிற இடத்தின் நடுவில் குழி திறந்து கிடக்க, வாசலில் பசுவும் கன்றும் வந்துவிட்டன. நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. "மூடிடுங்க, மாடு உள்ள போகட்டும்" என்றாள் திலகவதி. அவன் மேலே வந்துவிட்டான் என்று நினைத்து இரண்டு ஆட்கள் சிமெண்ட் மூடியைத் தள்ளினார்கள். மூடிய பிறகு அடியில் தட்டும் சத்தம் கேட்டது. மூடிக்குப் பக்கத்தில் நின்ற அவளுக்கு மட்டும்தான் கேட்டது. அவள் நாயனக்காரரைப் பார்த்து, "நல்லா சத்தமா வாசிங்க" என்றாள்.

பத்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடும் என்றுதான் நினைத்தாள். மாடு போனது, பால் பொங்கியது, விருந்தாளிகள் வந்தார்கள், அவள் மறந்தே போனாள். மூடியைத் திறந்தபோது முதல் பந்தி முடிந்திருந்தது; விக்னேஷுக்கு மூச்சு இல்லை.

மூன்றாம் நாள் அவனுடைய அம்மா காசியம்மாள் கண்ணமங்கலத்திலிருந்து வந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை.

"ஒன்னே ஒன்னு சொல்லுங்கம்மா. எம்புள்ள தட்டுனானா, கூப்ட்டானா?"

"இல்லம்மா. சத்தமே வர்ல."

"கேட்டிருந்தா தொறந்திருப்பீங்க. நீங்களும் புள்ள பெத்தவங்கதான?" என்றாள் காசியம்மாள். திலகவதியின் முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்து எழுந்துவந்த தீனா அடுப்படி வாசலில் நின்றான். லீவு போடாமல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று நேற்றுத்தான் வந்திருந்தான்.

"அம்மா, கீழ யாரோ வேல செஞ்சிகினு இருக்காங்களா?"

"பக்கத்து வூட்ல தச்சு வேல."

"இல்லம்மா, நம்ம டேங்க்குலருந்து வர்ற மாதிரி கீது."

வாடகைக்காரர்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கட்டடம் முழுக்க இவர்கள் இரண்டு பேர்தான். பாத்ரூம் பக்கமிருந்து ஒரு வாசனை வந்தது. சாக்கடை நாற்றமாக இருந்திருந்தால் அவள் நிம்மதியாகியிருப்பாள். அது ஈரப் பலகையும் புதுச் சிமெண்டும் கலந்த வாசனை.

"மூடியத் தொறந்து பாத்துட்டு வந்துடறேன்."

"வாணாம் தீனா."

"ஏன்?"

ஏன் என்பதற்கு ஒரே பதில்தான் இருந்தது. அது தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் இந்தப் பிள்ளை இனி அம்மா என்று கூப்பிடுவானா? அவன் முகத்தைப் பார்த்தாள். பயம் அவளைத் தின்றது. வெட்கம் அதைவிட அதிகமாகத் தின்றது.

"இன்னிக்கி செவ்வாக்கெழம" என்றாள்.

தீனா சிரித்துக்கொண்டே கடப்பாரையை எடுத்துப் போனான்.

இரும்பு சிமெண்டில் உரசியது. மூடி நகர்ந்தது. அதே நொடி சுத்தியல் நின்றது.

"யாருங்க உள்ள?" தீனாவின் குரல். பிறகு அவசரமாக, "அம்மா, ஆள் கீறாங்க. என் கையப் புடிங்க, புடிங்க..."

அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அவள் ஓடினாள். படியில் கால் இடறியது. முழங்காலில் தோல் பெயர்ந்தது. எழுந்து ஓடினாள்.

மூடி மூடியிருந்தது. பக்கத்தில் கடப்பாரை. தீனாவின் செருப்பு ஒற்றை. வேறு யாரும் இல்லை.

அடியில் தட்டும் சத்தம் கேட்டது. சுத்தியல் இல்லை. உள்ளங்கை.

"அம்மா."

கடப்பாரையைச் சந்தில் கொடுத்து நெம்பினாள். வழுக்கிப் போனது. வளையத்தில் விரல் விட்டு இழுத்தாள். அசையவில்லை. தெருவைப் பார்த்துக் கத்தினாள். யாரும் வரவில்லை.

"அம்மா, மூச்சு முட்டுது."

"கேட்டுச்சுப்பா விக்னேஷ்" என்று மூடியில் வாயை வைத்துச் சொன்னாள். "அன்னிக்கி எனக்குக் கேட்டுச்சு. தெரிஞ்சேதான் வுட்டேன். எம்புள்ள ஒன்னும் செய்யல. என்னிய எடுத்துக்கோ."

மூடி லேசானது. ஒரு விரல்கடை தூக்கினாள். இருட்டில் தீனாவின் விரல் நுனிகள் தெரிந்தன. அவை வெளிச்சத்துக்கு வந்தன. தொட்டாள். சூடாக இருந்தன.

அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ குனிந்தார்கள். அவளுடைய இரண்டு கைகளுக்குப் பக்கத்தில், சிமெண்ட் காய்ந்து வெடித்த இரண்டு கைகள் மூடியின் மேல் வந்து படிந்தன. நகங்கள் நீலம். அவை அவசரமே படாமல், கொஞ்சம் கொஞ்சமாக, கீழே அழுத்தின.