கட்டுரையில் இரண்டாவது பெயர்

மழைக்குப் பயந்து, டயர்த் துண்டு ஏற்றி வந்த லாரிக்குள் தாவி ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் பேராசிரியை கவனித்தாள்... ஸ்டியரிங் பக்கம் ஆள் இருந்தது.

அதே கண்கள்! இமையில் நின்ற மழைத்துளி செய்யும் வேலையோ? துடைத்துவிட்டுப் பார்த்தாள். அவனேதான்... டயர்காரன்!

"நல்லா உட்காருங்க மேடம். லாரி கடிக்காது."

ஒன்பது வருடம். குரலில் அந்தக் குறும்பு மட்டும் அப்படியே இருந்தது.

வெளியே, பள்ளிக்கூடம் எழப்போகும் பள்ளத்தில் மழை கொட்டியது. நிலநடுக்கம் வந்தால் அதிர்வைத் தாங்கிக்கொள்ள, அஸ்திவாரத்துக்கு அடியில் மணலோடு பழைய டயர்த் துண்டுகளைக் கலந்து பரப்புகிறார்கள். எல்லாம் அவளுடைய ஆராய்ச்சி. அதைச் சோதிக்க வந்த இடத்தில் இந்த மழை, இந்த லாரி, இவன்...

மனசு ஒன்பது வருடத்தை ஒரே எட்டில் தாண்டி ஆய்வுக்கூடத்தில் போய் நின்றது.

அன்று சண்டையில்தான் தொடங்கியது. நிலநடுக்கம்போல் ஆட்டிப் பார்க்கும் மேசை. அதன்மேல் கண்ணாடித் தொட்டி. மூன்று நாளாக மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரே உயரத்திலிருந்து, புனல் வழியே மணலைத் தூவித் தூவி நிரப்பியிருந்தாள். மணல் பூப்போல் தளர்வாக இருக்க வேண்டும், தட்டினால் போச்சு. டயர்த்துண்டு கொண்டுவந்த அந்தப் புண்ணியவான் மூட்டையை அந்த மேசைமேலேயே 'தொம்'மென்று போட்டான். மணல் அரை விரற்கடை இறங்கியது. கூடவே அவள் உயிரும்.

"மூணு நாள் உழைப்புங்க! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

"மணல்தானேங்க... திரும்பக் கொட்டினா ஆச்சு."

"அப்ப நீங்களே கொட்டுங்க!"

கொட்டினான். இரண்டு நாள், கை நடுங்காமல். மணல் தூறலுக்கு அந்தப் பக்கம் அந்தக் கண்கள்... அவள் உயரம் அளக்க மறந்துபோனாள்.

அப்புறம் மூட்டை இல்லாமலும் வந்தான். ஒருநாள், "பொடியா வெட்டாம நீளநீளமா வெட்டிப் போட்டுப் பாருங்களேன். மண்ணை இறுக்கிப் பிடிச்சுக்கும்" என்றான். போட்டாள். மேசை தலைகால் தெரியாமல் ஆடியது. பொம்மைக் கட்டடமோ சாயாமல் நின்றது!

கட்டுரை அச்சானதும் ஆசை ஆசையாக நீட்டினாள். அவன் தன் பெயரைக் கடைசிப் பக்கம்வரை தேடினான். அங்கே, நன்றி சொல்லும் இடத்தில், 'டயர் கொடுத்து உதவிய வியாபாரி.'

"வியாபாரி... சரியாத்தாங்க எழுதியிருக்கீங்க."

போனவன் போனவன்தான். பட்டம் வாங்காதவன் பெயரைப் போட்டால் சிரிப்பார்களோ என்று அவள் நினைத்தது அவனுக்கு எப்படித் தெரிந்தது? ஓடிப்போய்க் கூப்பிட வாய் வரவில்லை... வறட்டுக் கௌரவம். வெளிநாட்டில் வேலை கிடைத்தது. பதவி ஏற ஏற, அம்மா போனில் அலுத்துக்கொண்டாள்: "அந்த மண்ணையே கட்டிக்கிட்டு அழு!"

லாரிக் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. இப்போது விட்டால் இனி எப்போது?

"மறு வருஷமே தப்பை ஒத்துக்கிட்டு அந்தக் கட்டுரைக்குத் திருத்தம் போட்டேன்," என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடி. "அந்த யோசனை உங்களோடதுன்னு. எழுதினவங்க வரிசையில ரெண்டாவது பேரு உங்க பேருதான்."

அவன் திரும்பினான். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மன்னிச்சிருவீங்களோன்னு பயம்."

"மன்னிச்சா நல்லதுதானே... அதுல என்ன பயம்?"

"மன்னிச்சிட்டு, 'சரிங்க'ன்னு உங்க வேலையைப் பார்க்கப் போயிருவீங்க. கோவம் இருக்கிறவரைக்கும்... என்னை நெனைச்சுக்கிட்டாவது இருப்பீங்கல்ல?"

மழை விட்டிருந்தது. பள்ளத்து ஓரத்திலிருந்து சைட் இன்ஜினியர் கையசைத்துக் கூப்பிட்டார். முகம் கொதிக்க, அவள் கதவைத் திறந்தாள்.

"கோவம் ரெண்டே மாசத்துல போயிருச்சு," என்றான் அவன்.

ஒரு கால் படியில்... அப்படியே நின்றாள்.

"எனக்குப் பொண்ணு பார்த்துப் பார்த்து அக்காகூட ஓய்ஞ்சு போயிட்டாங்க. இந்த நெனைப்புதான்... போகவே மாட்டேங்குது."