ஜெனரேட்டரை நிறுத்த வந்தவன்

அந்த வளைவில் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது.

ஷீபா ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்தாள். ஏரிக்கரை நெடுக ஆடி மாத வெயில். வயலில் வெயில், பனைமரத்தில் வெயில், அவள் முழங்கையில் வெயில். ஆனால் எதிரே சாலை திரும்புகிற இடத்தில், ஓர் ஓட்டு வீட்டின் வாசலில் மட்டும் சோவென்று மழை...

அண்ணாந்து பார்த்தாள். மருந்துக்கும் மேகம் இல்லை.

'இது எப்படி?'

ஷீபாவுக்கு அந்த ஒரு கேள்வி வந்துவிட்டால் போதும். உள்ளே போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது. உத்திரமேரூர்ப் பக்கத்து மின்வாரிய அலுவலகம் ஒன்றில் அவள் இளநிலைப் பொறியாளர். புகார் வந்த இடத்துக்கு ஊழியர் போய்ச் சேர்வதற்கு முன்னால் இவள் போய் நின்றுவிடுவாள். சாலையை மறிக்க வேண்டிய ஆள் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருந்தான். ஷீபா ஸ்கூட்டரோடு மழைக்குள் நுழைந்தாள்.

"கட்! கட்! யாருப்பா அது...?"

மைக்கில் ஒரு குரல் அலறியது. குடையோடு நின்ற கதாநாயகி முறைத்தாள். மழை பட்டென்று நின்றது. அதற்குள் ஷீபாவின் துப்பட்டா சொட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே வரிசையாகக் குழாய்கள், துளைகள்...

ஒருவன் கையில் துண்டோடு ஓடிவந்தான்.

"மேடம், ஷூட்டிங் நடக்குது. போர்டு வெச்சிருக்கோமே, பார்க்கலையா?"

"போர்ட பாக்கறதா, மழைய பாக்கறதா?" அவள் துண்டைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏரில தண்ணி அடில கீது. பயிரு பால் புடிக்கிற நேரம். நீங்க இன்னாடான்னா ரோட்டுல தண்ணிய ஊத்தி வெளையாடிக்கினு கீறீங்க!"

அவன் கோபப்படவில்லை. மாறாக, அவன் முகம் மலர்ந்தது.

"ஊத்தல மேடம். சுத்துது."

"இன்னாது?"

அவன் குனிந்து, தரையில் பரப்பியிருந்த சரளைக்கல்லைக் கையால் ஒதுக்கினான். அடியில் கெட்டியான தார்ப்பாய். விழுந்த தண்ணீரெல்லாம் அதன்மேல் ஓடி, ஓரத்தில் வெட்டிய பள்ளத்தில் சேர்ந்தது. பள்ளத்திலிருந்து ஒரு பம்பு. பம்பிலிருந்து மறுபடி குழாய்.

"காலைலேர்ந்து ஒரே தண்ணிதான் பெய்யுது. இப்போ உங்க மேல விழுந்தது, கொஞ்சம் முன்னாடி ஹீரோயின் மேல விழுந்தது."

"சீ!" என்று கையை உதறினாள். உதறிய கை பாதியில் நின்றது. "மண்ணு அடைச்சிக்காதா? சல்லடை எங்க?"

அவன் அவளையே பார்த்தான். நனைந்த இமைகளுக்குள் அந்தக் கண்கள் பதிலுக்காக அப்படிக் காத்திருந்தன... இத்தனை நாளில் இந்த யூனிட்டில் ஒருவரும் அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவன் பெயர் சுகுமார். படப்பிடிப்பில் டீசல், தண்ணீர், குப்பை எல்லாவற்றையும் குறைப்பது அவன் வேலை. விசிட்டிங் கார்டில் 'பசுமை ஒருங்கிணைப்பாளர்' என்று இருந்தது. யூனிட் வைத்த பெயர் 'குப்பை மேனேஜர்'.

சல்லடையைக் காட்டினான். அவள் பையிலிருந்து எட்டிப்பார்த்த டெஸ்டரை அப்போதுதான் கவனித்தான்.

"நீங்க... ஈ.பி.யா?"

"ஜே.ஈ."

"அய்யோ, உங்களத்தான தேடிக்கினு கீறேன்!"

சொன்ன பிறகுதான், ஊர்ப்பேச்சு வந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். ஷீபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இவ்ளோ நேரம் சினிமாக்காரர் மாதிரி பேசினீங்க. நம்ம பக்கம்தானா? எந்த ஊரு?"

"தாமல். காஞ்சிபுரத்தாண்ட."

புளியமரத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டி ஒன்று கரும்புகை விட்டு உறுமிக்கொண்டிருந்தது. அவன் அதைக் காட்டினான்.

"அத நிறுத்தணும் மேடம். ஒரு படம் முழுக்க டீசல் இல்லாம எடுத்துக் காட்டணும்னு ஆசை. நீங்க கரண்ட் குடுத்தா நிறுத்திடுவேன்."

"முடியாது." புன்னகை நின்றது. "இங்க இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் பம்புசெட்டுக்கானது. உங்க லைட்ட அதுல போட்டா, வயல்ல மோட்டார் எரியும். நீங்க புகைய நிறுத்தறேன்னு இந்த விவசாயிங்க அடுப்ப நிறுத்திடுவீங்க."

துண்டை அவன் தோளில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். அவள் மறுத்தது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால்... இவ்வளவு சரியாக ஒருத்தி மறுத்து அவன் கேட்டதில்லை.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்து நின்றான்.

"மேடம், ஒரு சந்தேகம். மோட்டாருக்கு நீங்க மும்முனை மின்சாரம் விடாத நேரத்துல அந்த டிரான்ஸ்ஃபார்மர் சும்மாதான கீது?"

ஷீபா நிமிர்ந்தாள். இரவு முழுக்க அவளும் அதையேதான் யோசித்திருந்தாள். சொல்லத்தான் கூச்சம்.

"லைட்ட நேரா அதுல போடக்கூடாது. பேட்டரி வண்டி இருக்குதா?"

"ஒண்ணு வரவழைக்கலாம்."

"மோட்டார் ஓடாத நேரத்துல அத சார்ஜ் பண்ணிக்கினு, மத்த நேரம் அதுலயே லைட்ட எரிங்க. மோட்டார் நேரத்துல உங்க ஒயர் என் கம்பத்துல இருக்கவே கூடாது. சரியா?"

"சரி மேடம்."

"நான் வந்து வந்து பாப்பேன்."

"வாங்க..." என்றவன் அவசரமாக, "செக் பண்ண" என்று சேர்த்துக்கொண்டான்.

தற்காலிக இணைப்பு கொடுத்தார்கள். ஜெனரேட்டர் நின்ற அன்று, ஊரில் இருந்த மைனாக்களின் சத்தம் முதன்முதலாக யூனிட்டுக்குக் கேட்டது. ஒலிப்பதிவாளர் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு ஏரிப்பக்கமே பார்த்தபடி நின்றார்.

ஷீபா தினமும் வந்தாள். வேலை முடிந்தும் போகாமல் சுற்றிப் பார்த்தாள். அந்த ஓட்டு வீடு வீடே இல்லை, மூங்கில் பாயில் சுண்ணாம்பு பூசிய செட் என்று தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

"படம் முடிஞ்சா இத கொளுத்திடுவீங்களா?"

"பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் கொட்டாய் வேணும்னாங்க. கழட்டி அங்க கட்டிக் குடுத்துடுவோம்."

"டீ டம்ளர் ஏன் ஆளுக்கு ஒரு கலரு நூலு கட்டிக் கீது?"

"தொலைச்சா அவங்கவங்கதான் தேடணும். பேப்பர் கப்பு கெடையாது."

"உங்களது எந்தக் கலரு?"

"கேள்விய நிறுத்தவே மாட்டீங்களா?" என்று சிரித்தான்.

"நிறுத்தட்டுமா?"

"...வேணாம்."

அந்த 'வேணாம்' அவளோடு ஸ்கூட்டரில் வீடுவரை வந்தது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில் அவள் வீடு. வழியெல்லாம் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. வாசலில், நாற்று நட்டுவிட்டு வந்த அம்மா சிட்டம்மாள் காலிலிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அப்பா பீட்டர், மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். இருவரும் காலமெல்லாம் உழுதது, நட்டது, அறுத்தது எல்லாம் அடுத்தவர் நிலத்தில். சுகுமார் தாமல் ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் தாண்டவராயனின் மகன் என்று அவனே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான்; அவளும் தன் வீட்டைப் பற்றிச் சொல்லியிருந்தாள்.

ஷீபாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. 'சும்மா இருடி. ஷூட்டிங் முடிஞ்சா போயிடப் போறாரு...'

அந்த வாரக் கடைசியில், மோட்டார் ஓடும் நேரத்தில், கம்பத்தில் ஃபியூஸ் வெடித்தது.

ஷீபா போய்ச் சேர்ந்தபோது, பக்கத்து வயலில் பயிர் வைத்திருந்த செல்லம்மாளின் கிணற்று மோட்டாரிலிருந்து கம்பிச்சுருள் கருகிய வாசம் வந்துகொண்டிருந்தது. குத்தகை நிலம். கதிரில் பால் ஏறிக்கொண்டிருந்த பயிர். செல்லம்மாள் வரப்பில் உட்கார்ந்து வயலையே பார்த்தாள். "இப்பப் போயி தண்ணி இல்லன்னா எல்லாம் பதருதாம்மா..." என்றாள். அழக்கூட இல்லை. அதுதான் ஷீபாவைச் சுட்டது.

கம்பத்தைப் பார்த்தாள். யூனிட்டின் ஒயர் மாட்டியிருந்தது. அப்போதுதான் சுகுமார் ஓடிவந்தான்.

"நேரம் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்புறம் இது இன்னா?"

அவன் ஒயரைப் பார்த்தான். தாடை இறுகியது. ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டான்.

"இணைப்பு என் பேருல கீது. தப்பு என்னுதுதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மேடம்."

'ஒரு வார்த்தை... ஒரே ஒரு காரணம் சொல்லக் கூடாதா?' அவள் மனம் கெஞ்சியது. வாய் வேறு சொன்னது. "உங்க இணைப்ப துண்டிக்கிறேன். இனிமே எங்கிட்ட வராதீங்க."

திரும்பிப் பார்க்காமல் போனாள். கண் ஏன் இப்படி எரிகிறது என்று தெரியவில்லை. புகையாக இருக்கும்... என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அறிக்கை எழுத உட்கார்ந்தாள். பேனா நகரவில்லை. சுகுமார் போட்ட இணைப்பு ஒவ்வொன்றையும் அவள் பார்த்திருக்கிறாள். எல்லாம் குழாய்க்குள் போகும், முனையில் மூடி இருக்கும். நேற்றுக் கம்பத்தில் பார்த்தது வெறும் டேப் சுற்றிய ஒட்டு... இது எப்படி?

மறுபடியும் படப்பிடிப்பு இடத்துக்குப் போனாள். அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அது கதாநாயகனின் ஏ.சி. கேரவனில் போய் முடிந்தது. விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்த லைட்மேன் ஐசக் அவளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"புரொடக்‌ஷன் மேனேஜர் கோபால் சாரு மாட்டச் சொன்னாரும்மா. ஹீரோவுக்கு வேர்க்குதாம். சுகுமாரு அப்ப இங்க இல்ல. செட்டு மரம் கொண்டாற போயிருந்தாரு."

"அவரு எங்க?"

"கோபால் சாருகிட்ட சண்டை போட்டுட்டு பேட்டரி வண்டிய எடுத்துக்கினு பூட்டாரு. ஷூட்டிங்கே நின்னு கீது. வயல்ல போய் பாருங்க."

வரப்பில் கிட்டத்தட்ட ஓடினாள். கிணற்றடியில் அந்த பேட்டரி வண்டி நின்றது. மழைக்கு வைத்திருந்த பம்பு கிணற்றுப் படியில் உட்கார்ந்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முழங்கால் வரை சேற்றோடு சுகுமார் மடை திருப்பிக்கொண்டிருந்தான். மண்வெட்டி பிடித்த விதத்திலேயே தெரிந்தது, தாமல்காரன் என்று.

செல்லம்மாள்தான் முதலில் பேசினாள். "எம்மா, இந்தப் புள்ள மோட்டார தானே தூக்கிம்போயி ரீவைண்டிங் கடைல போட்டுட்டு வந்துட்ச்சி. அது வர்ற வரிக்கும் சினிமாக்காரன் கரண்ட்ல நம்ம கய்னிக்கு தண்ணி. நாஷ்டா கூட துன்னல."

ஷீபா வாய்க்காலின் இந்தப் பக்கம் நின்றாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா மோட்டார் சரியாயிடுமா?"

"நான் சரியாயிருப்பேன்!"

சொல்லிவிட்டுத் திகைத்தாள். அவன் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தான். முகமெல்லாம் வியர்வை. கண்களில் மட்டும் ஒரு குளிர்ச்சி... அவளால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. குனிந்து தண்ணீரைப் பார்த்தாள்.

"நேத்து ரொம்பப் பேசிட்டேன்" என்றாள்.

"பேசினது சரிதான். என் பேருல வாங்கினத நான்தான காவல் காத்திருக்கணும்?"

பயிர் தப்பித்தது. இணைப்பு திரும்பக் கிடைத்தது. இந்த முறை கம்பத்துக்கு அடியில் பூட்டுப் போட்ட பெட்டி. சாவி ஷீபாவிடம். கோபால் தினமும் காலையில் அவளுக்கு வணக்கம் சொல்லிச் சாவி கேட்க வேண்டியதாயிற்று. படம் முடிகிறவரை புளியமரத்தடியில் ஜெனரேட்டர் உறுமவில்லை.

யூனிட் மூட்டை கட்டிக்கொண்டு போனது. பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொட்டகை எழுந்தது. சுகுமாரிடமிருந்து அழைப்பில்லை. செய்தியும் இல்லை. ஷீபா போனைக் கவிழ்த்து வைத்தாள், நிமிர்த்தி வைத்தாள். 'நான் நினைச்சது மாதிரிதான்... வந்தாரு, போயிட்டாரு.' அம்மா இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது வேலியோரத்தில் ஒரு பைக் நின்றது. பக்கத்தில் அவன்.

இளைத்திருந்தான்.

"வழி கேட்டுக்கினே வந்துட்டேன்" என்றான்.

"இத்தினி நாளு?" கோபத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ஒரு போன் பண்ணக் கூடாதா? பேஜாரா இருந்திச்சி."

"தாமல்ல இருந்தேன். எங்க வூட்ல உங்களப் பத்தி சொன்னேன்."

"இன்னான்னு?"

"ஷீபான்னு ஒருத்தவங்க. அவங்களத்தான் கட்டிக்கணும்னு ஆசன்னு." அவன் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டான். "அப்பா 'யார் வூட்டுப் பொண்ணு'ன்னாரு. கூலி வேல செய்யறவங்க பொண்ணுன்னேன். தட்ட தள்ளி வெச்சிட்டு எழுந்துட்டாரு. இன்னும் எங்கிட்ட பேசல. அம்மா மட்டும் நேத்து, 'அந்தப் பொண்ணு கம்பத்துல ஏறுமாடா'ன்னு கேட்டாங்க."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "எங்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடியே வூட்ல சொல்லிட்டீங்களா?"

"உங்ககிட்ட மொதல்ல கேட்டு, நீங்க சரின்னு சொல்லி, அதுக்கப்புறம் எங்கப்பா மூஞ்சப் பாத்து நான் பயந்து பின்வாங்கிட்டா...? என்னையே எனக்கு நம்பிக்கை இல்ல ஷீபா. அதான் அந்த பயத்த மொதல்ல தாண்டிட்டு வந்து நிக்கிறேன். அவரு சரின்னு சொல்வாரான்னு தெரியல. சொல்லாட்டியும் நான் மாறமாட்டேன். நீங்க வேணாம்னா போயிடறேன். ஆனா எனக்கு உங்கள ரொம்ப... ரொம்ப புடிச்சிருக்குது."

முதல்முறையாக 'மேடம்' போய் 'ஷீபா' வந்திருந்தது. அவளிடம் கேட்பதற்கு ஒரு கேள்விகூட இல்லை.

"யாரும்மா அது?" உள்ளேயிருந்து பீட்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே வந்தார். வேலிக்கு வெளியே நிலக்காரர் வீட்டுப் பிள்ளை போல நின்றவனைப் பார்த்து, பழக்கதோஷத்தில் துண்டைத் தோளிலிருந்து இறக்கப் போனார்.

ஷீபா அப்பாவின் கையைப் பிடித்துத் தடுத்தாள். துண்டை அவர் தோளிலேயே சரியாகப் போட்டுவிட்டாள். பிறகு வேலிப் படலைத் திறந்தாள்.

"இவருதாம்ப்பா சுகுமாரு" என்றாள். அவன் கண்களைப் பார்த்தபடியே சொன்னாள். "நான் கட்டிக்கப் போறவரு."