ரோசலியாவின் பச்சை

"நிறுத்துங்க! யாரைக் கேட்டு இதுல கை வெச்சீங்க?"

ஏணியின் மேல் நின்றவன் திரும்பிப் பார்த்தான். கையில் பிரஷ். பிரஷ் நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது பச்சை பெயிண்ட்.

அப்போதுதான் தூற ஆரம்பித்திருந்தது. மேட்டுக்குக் கீழே உல்லாடுல்லா மீன்பிடித் துறைமுகம் முழுக்கப் புதுப் பெயிண்ட் மணம். ஆனால் ஐல்சாவுக்கு மழையும் தெரியவில்லை, மணமும் தெரியவில்லை. அந்தப் பச்சை மட்டும்தான் தெரிந்தது...

அவள் செய்த சிற்பம் அது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கான இரண்டு எஃகுத் தகடுகள். ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து, தொடாமல் நின்றுவிட்டவை. போன குளிர்காலத்தில் மூன்று பேரோடு மூழ்கிப்போன 'ரோசலியா' படகின் நினைவாக ஊர் கேட்டது. பொது இடத்தில் நிற்கப்போகும் அவளுடைய முதல் வேலை. ஞாயிற்றுக்கிழமை திறப்பு. சிட்னியிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். மெல்போர்னிலிருந்து விடாமல் கார் ஓட்டி வந்தவளுக்கு இந்த வரவேற்பு!

அவன் நிதானமாக இறங்கி வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். மழையில் நனைந்த கடல் மாதிரி சாம்பல் நிறக் கண்கள்.

"துருப் பிடிச்சுக் கிடந்தது மேடம்."

"துருப் பிடிக்கத்தான் செஞ்சேன்! அந்தத் துருதான் இதோட தோல். மேல படியற துரு உள்ள இருக்கற எஃகைக் காப்பாத்தும். புரியுதா?"

"படகுல அப்படிச் சொன்னா எங்கப்பா கன்னத்துலயே ஒண்ணு விடுவாரு."

"இது படகு இல்லே!"

"அப்போ என்னது?"

ஐல்சா தகடுகளைப் பார்த்தாள். "இது... எதுவும் இல்லே. இது இதுதான்."

"அட! இதுக்கா கவுன்சில்ல அத்தனை நாள் அடிச்சுக்கிட்டாங்க?"

சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. கோபம் அதை அமுக்கிவிட்டது. "நாலு நாள்ல திறப்பு. இந்தப் பெயிண்ட்டோட நின்னா என் வேலை செத்துப்போச்சுன்னு அர்த்தம். சுரண்டி எடுங்க. இல்லேன்னா லாரி வெச்சுத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது. "தூக்கிட்டுப் போகாதீங்க மேடம்," என்றான் தணிந்த குரலில். "ஞாயித்துக்கிழமை ஈஸ்டர். அன்னிக்கு ஃபாதர் எல்லாப் படகையும் மந்திரிப்பாரு. எங்க ஊர்ல துருவோட ஒண்ணும் அவர் முன்னாடி நிக்கக் கூடாது. அதான்... நானே சுரண்டிடறேன். என் பேர் சாவேரியோ."

மறுநாள் காலை அவள் மின்சாரத் தேய்ப்பு எந்திரத்தோடு வந்தாள். அவன் அதற்கு முன்பே வந்து, சின்ன உளித்தகட்டால் மெல்ல மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தான். உதிர்ந்த பச்சைத் துணுக்குகளைத் தொப்பியில் சேர்த்து வைத்திருந்தான்.

"எந்திரம் இருக்கு. ஒரு மணி நேர வேலை."

"வேணாம் மேடம். கையாலேயே எடுத்துடறேன்."

"இந்த வேகத்துல போனா அடுத்த ஈஸ்டருக்குத்தான் முடியும்."

"அப்போ அதுவரைக்கும் நீங்க இங்கதானே இருக்கணும்?"

என்ன திமிர்! ஆனால் கன்னம் ஏன் சுடுகிறது? அவள் அவசரமாகத் தகட்டின் மறுபக்கம் போய் நின்றுகொண்டாள். இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஒரு கை அகல இடைவெளி. அதன் வழியே அந்தச் சாம்பல் கண்கள் தெரிந்தன...

"ஏன் இது ரெண்டும் ஒட்டலே?" என்றான் அவன்.

"ஒட்டிப் பார்த்தேன். பொய்யா இருந்துது. வெட்டி எடுத்துட்டேன்."

சுரண்டும் சத்தம் நின்றுபோனது. "ஆமா, ஒட்டாதுதான்," என்றான்.

மத்தியானம் அவள் காப்பி குடிக்கத் துறைமுகத்து மீன் கடைக்கு இறங்கினாள். கடைக்காரி கொன்செத்தா மீனை வெட்டிக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான் அந்தத் தகரக்காரியா?"

"எஃகு."

"ஏதோ ஒண்ணு. என் அண்ணன் மகன் அடிச்சதை அவனையே சுரண்ட வெச்சுட்டியே, சந்தோஷமா?"

"யாரு? சாவேரியோவா? அவர்தான் என் சிற்பத்தை..."

"அந்தப் பச்சை எங்கேருந்து வந்துதுன்னு கேட்டியாடி?" கொன்செத்தாவின் கத்தி நின்றது. "ரோசலியாவுக்குன்னு அவனும் அவன் தம்பி லூச்சோவும் சேர்ந்து கலக்கி வெச்ச பச்சை. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ரெண்டு பேரும்தான் அடிப்பாங்க. இந்த வருஷம் பெயிண்ட் இருக்கு... படகும் இல்லே, தம்பியும் இல்லே. உடம்புகூடக் கரைக்கு வரலே. எது மேல அடிப்பான், சொல்லு? நீ கொண்டாந்து நட்டது ஒண்ணுதான் அவனுக்குக் கிடைச்சுது."

காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஐல்சா வெளியே வந்தாள். மேட்டை நோக்கி நடந்தாள். பாதி வழியில் ஓடினாள். 'சுரண்டி எடுங்க' என்று சொன்ன வாயை என்ன செய்வது? அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே... ஏன் சொல்லவில்லை?

மழை வலுத்திருந்தது. ஒரு தகடு முழுக்கத் துரு நிறத்துக்குத் திரும்பியிருந்தது. அவன் மற்றதில் கை வைத்துவிட்டான்.

"போதும்! சுரண்டாதீங்க."

"இன்னும் பாதி இருக்கு மேடம்."

"இருக்கட்டும். அது அப்படியே நிக்கட்டும்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அத்தை வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாங்களே... எனக்காகப் பாவம் பார்க்காதீங்க. இது உங்க வேலை. ஞாயித்துக்கிழமை பத்திரிகைக்காரங்க சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டும். பதினைஞ்சு வருஷமா செய்யறேன் சாவேரியோ. சில பேர் தூர நின்னு சிரிச்சாங்க. சில பேர் தூர நின்னு பாராட்டினாங்க. என் அம்மாகூடத் தூர நின்னுதான் பார்த்தாங்க. கிட்ட வந்து, தன்னோடதுன்னு நினைச்சுத் தொட்டது நீங்க ஒருத்தர்தான்."

"பெயிண்ட் அடிச்சு நாசம் பண்ணேன்."

"ஆமா. நாசம்தான் பண்ணீங்க." அவள் மிச்சமிருந்த பச்சையைத் தொட்டுப் பார்த்தாள். "நான் ஒருத்தி மூணு பேருக்கு நினைவுச்சின்னம் செய்ய வந்தேன். அவங்க எப்படி இருப்பாங்கன்னு ஒருத்தரையும் கேக்கலே. லூச்சோ எப்படி இருப்பார்?"

அவன் உளித்தகட்டைக் கீழே வைத்தான்.

"பாடுவான்," என்றான் அவன். "சகிக்காது. நாங்க பெயிண்ட் அடிக்கும்போது நிறுத்துடான்னு கத்துவேன். இப்போ ஒருவாட்டி... ஒரே ஒருவாட்டி..." மேலே சொல்ல முடியவில்லை. போன குளிர்காலத்திலிருந்து ஊரே எதிர்பார்த்து வராத அழுகை அன்றைக்கு வந்தது.

அவள் தகட்டைச் சுற்றி வந்தாள். பெயிண்ட் ஒட்டிய அவன் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை முடிஞ்சதும் நீங்க போயிடுவீங்க," என்றான், தலை நிமிராமல். "போறதுதான் நல்லது மேடம். நான் பிரியம் வெச்சவங்களை... எனக்குப் பயமா இருக்கு."

"பிரியமா? என் மேலயா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்கள் சொல்லிவிட்டன...

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள் ஐல்சா. "ஆனா நான் போகலே சாவேரியோ. போக முடியும்னு தோணலே. உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. இந்த மேடம் எல்லாம் வேணாம்... பேர் சொல்லிக் கூப்பிடு."

கடலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"ஐல்சா," என்றான். "இரு... போயிடாதே."