கம்பியில் வைத்த கை

ஏழாம் கூண்டு எலி கம்பியை விட்டு இறங்கவே இல்லை.

அதன் முன்கால்கள் இரண்டையும் தூக்கிக் கம்பிமேல் வைத்துவிட்டு அம்சவள்ளி வழக்கம்போல எண்ணினாள். மருந்து போட்ட எலிதான் வைத்தது வைத்தபடி நிற்கும். இது வெறும் உப்புத் தண்ணீர் போட்ட எலி; மூன்று எண்ணுவதற்குள் ஓடியிருக்க வேண்டும். நூற்று எண்பதோடு கணக்கை நிறுத்திவிடுவது அங்கே வழக்கம். நூற்று எண்பது ஆகியும் அது நின்றது.

கச்சிராயபாளையம் சாலையில் இருந்த மருந்தியல் கல்லூரியின் எலி அறை அது. எலிக்கு இருட்டில்தான் சுறுசுறுப்பு என்பதால், வெளியே வெயில் கரும்புக் கொல்லையைக் காய்ச்சிக்கொண்டிருக்கும் பகலிலும், ஜன்னல் இல்லாத அந்த அறையில் எலிக் கண்ணுக்கு இருட்டாகவே தெரியும் ஒரே ஒரு சிவப்பு பல்பு மட்டும் எரியும். மரத்தூளும் மூத்திரமும் கலந்த நெடியில், நூறு எலிகள் ஓயாமல் எதையோ கொறிக்கும் சத்தத்தில், ஆறு வருடமாகக் கூண்டு கழுவி, எடை போட்டு, எண்ணிக்கொண்டிருந்தாள் அம்சவள்ளி. அந்த எண்ணிக்கை வீடுவரை வந்தது. "தூக்கத்துலகூட எண்ணிக்கினே இருக்கியே மே" என்று அவள் புருஷன் ராஜாங்கம் சிரிப்பான்.

சிரிப்பான். இருபது நாள் முன்புவரை.

அதற்கும் முன்பு ஒரு நாள், பேராசிரியர் காசிநாதன்தான் ஒரு ஜோடி எலிக் கூண்டைக் காட்டிச் சொன்னார். "இந்த மருந்து மூளையில டோபமைன வேலை செய்ய வுடாது, அம்சவள்ளி. ஆண் எலிக்குப் பலம் இருக்கும். பொட்டைகிட்ட போவணும்னு தோணாது, அவ்ளோதான்." பெட்டை எலி காது துடிக்கத் துள்ளித் துள்ளி ஓடிக் காட்டியது. ஆண் எலி மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

நிறையப் போட்டால்தான் எலி கம்பியில் உறையும், கொஞ்சமாகப் போட்டால் அவ்வளவுதான் என்று அவளும் நம்பினாள். வயிற்றில் தங்காமல் போன மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு, ராஜாங்கத்தின் கை மேலே பட்டாலே அவளுக்கு உடம்பு நடுங்கியது. அவன் கெட்டவன் இல்லை. வேண்டாம் என்று சொன்னால் கேட்டிருப்பான். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மருந்தைத் திருடி வந்து மோரில் கலந்தாள்.

அளவு போடத் தெரிந்தவள்தானே. எலி இருநூறு கிராம். ராஜாங்கம் அறுபது கிலோ. முந்நூறு எலியின் பங்கு. மனிதனுக்கு அந்தக் கணக்கு செல்லாது என்று அவளுக்குத் தெரியாது; யாரிடம் போய்க் கேட்பாள்?

மருந்து கலந்த முதல் நாள் ராத்திரி அவன் புரண்டு படுத்துத் தூங்கிவிட்டான். அவளும் நிம்மதியாகத் தூங்கினாள். அந்த நிம்மதியைத்தான் இப்போது அவளால் மறக்க முடியவில்லை. நான்காம் நாள் அவன் கரும்பு வெட்டப் போகவில்லை. ஊட்டிய சோறு வாயிலேயே இருந்தது. உதட்டில் உட்கார்ந்த ஈயைக்கூட ஓட்டவில்லை. அன்றோடு மருந்தை நிறுத்தினாள். கள்ளக்குறிச்சி டாக்டர், "எதுனா மருந்து குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டபோது, "இல்லீங்க" என்றாள்.

நிறுத்திப் பதினாறு நாள் ஆகிறது.

"சார், மருந்த நிறுத்திட்டா எலி சரியாயிடுங்களா?" என்று காசிநாதனிடம் கேட்டாள்.

"ரெண்டு நாள்ல ஓடும். ஏன்?"

"சும்மாதாங்க கேட்டேன்."

ஏழாம் கூண்டு எலி கம்பியைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு ஓடினாள்.

வீட்டுக் கதவைத் திறந்தாள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் எட்டிப் பார்க்காமலிருக்க ஜன்னலில் அவள் கட்டியிருந்த சிவப்புப் புடவை வழியே சாய்ந்த வெயில் இறங்கி, அறை முழுக்கச் சிவப்பாக இருந்தது. மரத்தூள் நெடி. இங்கே எப்படி?

காலையில் கைலி மாற்ற அவனை நிறுத்தியபோது அவன் கைகள் இரண்டையும் ஜன்னலின் குறுக்குக் கம்பியில் வைத்திருந்தாள். கைகள் அங்கேயே இருந்தன.

காலையிலிருந்து.

அவன் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். "நான்தான் மாமா மோருல கலந்தேன். வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லாம பூட்டேன். என்ன அடி மாமா. எழுந்து வந்து அடி."

ஒவ்வொரு விரலாகக் கம்பியிலிருந்து பிரித்தாள். சில்லென்றிருந்தன. அவனை மெல்ல நகர்த்தி மூலையில் உட்காரவைத்தாள். திரும்பி வந்து, தலை சுற்றியதால், அதே கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் ஏதோ அசைந்தது.

"ஒண்ணு."

அவன் குரல். பதினாறு நாளாகக் கேட்காத குரல். பேசிவிட்டான்! ஓடிப் போய் அவன் முகத்தைக் கையில் ஏந்த வேண்டும் என்று அவள் நெஞ்சு துள்ளியது.

"ரெண்டு."

ஓட வேண்டும். கம்பியிலிருந்து கையை எடுக்க வேண்டும்.

"மூணு."

எடுக்கலாம். பலம் இருந்தது. வலி இல்லை.

எடுக்கத் தோன்றவில்லை.

"நாலு."

ஓடத் தோன்றவில்லை. அழவும். கத்தவும். ஒரு ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தது. உள்ளே எங்கோ ஒரு மூலையில் அவள் அலறிக்கொண்டே இருந்தாள். கைகள் கம்பியில் இருந்தன.

சிவப்பு வெளிச்சம் மெல்லக் கறுத்தது. நூற்று எண்பது ஆனதும், ராஜாங்கம் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.